சிறை ஏன் நிரம்புகிறது என்று டெக்சாஸ் எண்ணிப் பார்த்தபோது

சட்டம் படிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "அமெரிக்காவில் மாநில அரசுகள் ஆய்வுகளையும் புள்ளிவிவரங்களையும் வைத்துக் குற்றவியல் நீதி முறையைச் சீர்திருத்தின என்கிறார்கள். உண்மையிலேயே எண்கள் முடிவை மாற்றினவா? இல்லை, அரசியல்வாதிகள் முன்னமே எடுத்த முடிவுக்கு எண்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டார்களா?"

இரண்டும் நடந்திருக்கின்றன. எண்கள்தான் முடிவை மாற்றின என்று தயங்காமல் சொல்லக்கூடிய இடம், 2007-ஆம் ஆண்டின் டெக்சாஸ். அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மற்ற மாநிலங்களில் எது சரியாக வந்தது, எது சறுக்கியது என்பதைப் புரிந்துகொள்ள இது உதவும்.

டெக்சாஸ் கைதிகள் மேல் இரக்கம் காட்டுவதற்குப் பேர்போன மாநிலம் இல்லை. மரண தண்டனையை அதிகம் நிறைவேற்றும் மாநிலம் அது. 1983 முதல் 1997 வரை 230 கோடி டாலர் செலவழித்து, சிறைகளில் கூடுதலாக 1,08,000 பேருக்கு இடம் உண்டாக்கினார்கள். பத்து வருடம்கூடத் தாங்கவில்லை, எல்லாம் நிரம்பிவிட்டது. 2007 ஜனவரியில் மாநிலப் பேரவையின் பட்ஜெட் வாரியம் ஒரு கணிப்பை முன்வைத்தது. இப்படியே போனால் 2012-க்குள் இன்னும் 17,000 பேருக்கு இடம் தேவைப்படும். கட்டி நடத்த 200 கோடி டாலர் ஆகும்.

வழக்கமாக இந்த இடத்தில் விவாதம் முடிந்துவிடும். இத்தனை பேர் வரப்போகிறார்கள் என்றால் இத்தனை கட்டடம் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பிரதிநிதிகள் சபையில் சிறைத்துறைக் குழுவுக்குத் தலைவராக இருந்த ஜெர்ரி மேடன், பொறியாளர், குடியரசுக் கட்சிக்காரர். 2005-இல் அவருக்கு அந்தப் பொறுப்பைக் கொடுத்த சபாநாயகர் டாம் கிராடிக், புதுச் சிறை கட்டாதே, செலவு தாங்காது என்று சுருக்கமாகச் சொல்லி அனுப்பினார். செனட்டில் அதே துறையின் குழுத் தலைவர் ஹூஸ்டனைச் சேர்ந்த ஜான் விட்மயர், ஜனநாயகக் கட்சி. எதிரெதிர்க் கட்சியைச் சேர்ந்த இந்த இரண்டு பேரும் சேர்ந்து, இடம் எவ்வளவு வேண்டும் என்பதைத் தள்ளிவைத்துவிட்டு, வருகிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்க்கச் சொன்னார்கள். தொட்டி வழிகிறது என்றால் பெரிய தொட்டி வாங்குவதற்கு முன்னால் எந்தக் குழாய் திறந்திருக்கிறது என்று பார்ப்பது மாதிரி.

எண்ணிப் பார்த்தவர் டோனி ஃபபெலோ. இவருக்கு ஒரு முன்கதை உண்டு. டெக்சாஸ் அரசிடம் குற்றவியல் நீதிக் கொள்கைக்கென்றே தனியாக ஓர் ஆய்வு அமைப்பு இருந்தது. சிறைத்துறைக்கும் கட்டுப்படாமல், காவல்துறைக்கும் கட்டுப்படாமல், கணக்கை மட்டும் பார்க்கும் அமைப்பு. அதன் இயக்குநராக இருந்தவர் ஃபபெலோ. 2003-இல் ஆளுநர் ரிக் பெர்ரி தன் வீட்டோ அதிகாரத்தால் அதற்கான நிதியை அடித்துவிட்டார், அமைப்பு மூடப்பட்டது. நான்கு வருடம் கழித்து அதே மனிதர், மாநில அரசுகளின் கூட்டமைப்பு ஒன்றின் நீதி மையத்துக்காக வேலை செய்தபடி, அதே மாநிலத்தின் சிறைக் கணக்கைப் பிரித்துக் கொடுத்தார்.

அவர் காட்டியதைச் சொல்வதற்கு முன் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிவிடுகிறேன். புரொபேஷன் என்பது, சிறைக்கு அனுப்பாமல் நிபந்தனைகளோடு வெளியே விட்டுக் கண்காணிப்பது. பரோல் என்றால் நம் ஊரில் சில நாள் விடுப்பு; அங்கே தண்டனைக் காலம் முடிவதற்கு முன்பே ஒருவரை விடுவித்து, மிச்சக் காலத்தைக் கண்காணிப்பில் கழிக்க வைப்பது.

ஃபபெலோவின் கணக்கில் மூன்று விஷயங்கள் துருத்திக்கொண்டு நின்றன. முதலாவது, 1997-க்கும் 2006-க்கும் இடையில் புரொபேஷனில் இருந்தவர்கள் எண்ணிக்கை 3 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் புரொபேஷன் ரத்தாகிச் சிறைக்குப் போனவர்கள் எண்ணிக்கை 18 சதவீதம் கூடியிருந்தது. இரண்டாவது, 2003-இல் செலவைக் குறைக்கிறோம் என்று போதை சிகிச்சைக்கும் மனநல சிகிச்சைக்குமான பணத்தை வெட்டியிருந்தார்கள். சிகிச்சை மையங்களில் இடத்துக்காக 2,000 பேருக்கு மேல் காத்திருந்தார்கள். மூன்றாவது, பரோல் வாரியம் தானே வகுத்துக்கொண்ட வழிகாட்டு விதிகள் எத்தனை பேரை விடலாம் என்று சொல்கின்றனவோ, அதைவிடக் குறைவானவர்களைத்தான் விட்டுக்கொண்டிருந்தது.

இந்த மூன்றும் எப்படி ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன என்று கிட்டப் போய்ப் பார்த்தால்தான் புரியும். கொஞ்சம் கோகெய்ன் வைத்திருந்து பிடிபட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். நீதிபதி புரொபேஷன் கொடுக்கிறார். மாதாமாதம் அலுவலரைப் பார்க்க வேண்டும், கண்காணிப்புக் கட்டணம் கட்ட வேண்டும், கூப்பிட்டபோது வந்து சிறுநீர்ப் பரிசோதனை கொடுக்க வேண்டும். அலுவலரின் மேசையில் நூற்றுக்கு மேல் கோப்புகள் இருக்கின்றன. நாலு மாதம் ஒழுங்காக வந்தவர், ஐந்தாவது மாதம் பரிசோதனையில் தவறுகிறார். தங்கியிருந்து எடுக்கும் சிகிச்சைக்கு அனுப்பலாம் என்று அலுவலர் பரிந்துரைக்கிறார். சிகிச்சை மையத்தில் இடமில்லை. இடம் வரும்வரை எங்கே வைப்பது? மாவட்டச் சிறையில். மாதக்கணக்கில் அங்கே கிடக்கும்போது வேலை போகிறது, வாடகை நிற்கிறது. கடைசியில் நீதிபதி முன்னால் இரண்டே வழிகள்: இப்படியே வெளியே விடுவது, அல்லது புரொபேஷனை ரத்து செய்து மாநிலச் சிறைக்கு அனுப்புவது. விட்டால் நாளைக்கு ஏதாவது நடந்தால் தன் பெயர்தான் கெடும் என்று அவருக்குத் தெரியும்.

சிறைக்குள்ளும் இதே கதைதான். பரோல் வாரியம் ஒருவருக்கு அனுமதி தருகிறது, ஆனால் வெளியே போவதற்கு முன் இந்தச் சிகிச்சைத் திட்டத்தை முடிக்க வேண்டும் என்று நிபந்தனை போடுகிறது. திட்டத்தில் இடம் வரும்வரை, விடுவிக்கலாம் என்று அரசே தீர்மானித்த ஆள் சிறையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கான செலவையும் அரசே கட்டுகிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது என்னவென்றால், குற்றம் கூடுவதால்தான் சிறை நிரம்புகிறது என்று எல்லோரும் இயல்பாக நம்பியிருந்ததை இந்தக் கணக்கு கேள்வி கேட்டது. நிரப்பியதில் பெரிய பங்கு அரசு எடுத்த முடிவுகளுக்கு இருந்தது. 2003-இல் மிச்சம் பிடித்த சிகிச்சைப் பணம், 2007-இல் சிறைச் செலவாகத் திரும்பி வந்து நின்றது.

இன்னொரு வரைபடமும் அந்த நேரத்தில் பேசப்பட்டது. காவல்துறை பொதுவாகக் குற்றம் நடந்த இடத்தைத்தான் வரைபடத்தில் குறிக்கும். எரிக் கடோரா என்பவரும் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லாரா குர்கனும், சிறைக்குப் போனவர்களின் வீடு எங்கே இருந்தது என்று குறித்து, அவர்களைச் சிறையில் வைக்க ஆகும் செலவை அந்தத் தெருக்களின் மேல் ஏற்றினார்கள். நியூயார்க்கின் புரூக்ளினில், ஒரே கட்டட வரிசையிலிருந்து போனவர்களுக்காக மட்டும் அரசு ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் செலவழிக்கும் இடங்கள் இருந்தன. ஹூஸ்டனிலும் அதே மாதிரி பார்த்தார்கள். நகரத்தின் 88 பகுதிகளில் வெறும் 10 பகுதிகளிலிருந்து சிறைக்குப் போனவர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டாலர். அந்தப் பகுதிகளில் மாநில அரசு செய்த மிகப் பெரிய முதலீடுகளில் ஒன்று, அங்கிருப்பவர்களை வெளியே கொண்டுபோய் அடைத்து வைப்பதுதான் என்று அந்த வரைபடம் காட்டியது.

அப்புறம் என்ன செய்தார்கள்? 24.1 கோடி டாலர் ஒதுக்கினார்கள். போதை சிகிச்சை மையங்களில் இடம், வெளிநோயாளிகளாகச் சிகிச்சை பெற ஏற்பாடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களுக்குத் தனி மையம், நிபந்தனை மீறியவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் குறுகிய காலம் வைத்துத் திருத்த இடைநிலை மையங்கள், விடுதலையானவர்கள் தங்க விடுதிகள் என்று அந்தப் பணம் பிரிந்தது. போதை, சொத்துக் குற்றங்களுக்கான புரொபேஷனின் உச்ச வரம்பை 10 வருடத்திலிருந்து 5 வருடமாகக் குறைத்தார்கள். தவறுகிறவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடத்திலேயே தவறிவிடுகிறார்கள் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. அதற்குப் பிறகும் ஏழெட்டு வருடம் ஒருவரைக் கண்காணிப்பது, புதிதாக வருபவரைக் கவனிக்க வேண்டிய அலுவலரின் நேரத்தைத் தின்கிறது.

இதே யோசனையோடு 2005-இல் இவர்கள் கொண்டுவந்த சட்டத்தை ஆளுநர் பெர்ரி வீட்டோ செய்திருந்தார். 2007-இல் அவரே கையெழுத்திட்டார். நடுவில் ஒரு பரிசோதனையும் நடந்திருந்தது. 2005-இல் புரொபேஷன் துறைகளுக்குக் கூடுதல் பணம் கொடுத்து, அலுவலர் ஒருவருக்கான ஆட்களைக் குறைக்கவும் சிறு தவறுக்குச் சிறு தண்டனை என்று படிப்படியாகப் போகவும் சொன்னார்கள். பணத்தை வாங்கிக்கொண்ட மாவட்டங்களில் நிபந்தனை மீறலுக்காகச் சிறைக்கு அனுப்புவது குறைந்தது, வாங்காதவற்றில் கூடியது. விரும்பியவர்கள்தான் பணம் வாங்கினார்கள் என்பதால் ஆராய்ச்சி இலக்கணப்படி இது கச்சிதமான ஒப்பீடு ஆகாது. ஆனாலும் சட்டமன்றத்தில் பேசக் கையில் ஒரு சான்று கிடைத்தது. தேவைப்பட்டால் மூன்று சிறைகள் கட்டிக்கொள்ளலாம் என்ற அனுமதியையும் 2007-இல் சேர்த்தே வாங்கி வைத்தார்கள். பயந்த உறுப்பினர்களை ஒப்புக்கொள்ள வைத்ததில் அந்த அனுமதிக்குப் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

அந்த 17,000 இடங்கள் கட்டப்படவே இல்லை. 2011-இல் ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் சுகர் லேண்டில் இருந்த சென்ட்ரல் யூனிட் சிறையை மூடினார்கள். 1909-இலிருந்து இயங்கிய சிறை. டெக்சாஸ் தன் வரலாற்றிலேயே மூடிய முதல் சிறை. அதே சுகர் லேண்டில், முன்பு சிறைப் பண்ணையாக இருந்த நிலத்தில் 2018-இல் பள்ளிக் கட்டடத்துக்குத் தோண்டியபோது 95 பேரின் எலும்புகள் கிடைத்தன. கரும்புத் தோட்டங்களுக்கு வாடகைக்கு விடப்பட்டு வேலை செய்து செத்த கறுப்பினக் கைதிகள் அவர்கள் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். ஒரு மாநிலம் தன் கைதிகளைப் பற்றி என்ன எழுதி வைக்கிறது, எதை எழுதாமல் விடுகிறது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 95 பேர் நினைவுக்கு வருவார்கள்.

வெற்றிக் கதையை ஊதிப் பெருக்கவும் கூடாது. 2007-க்குப் பின் டெக்சாஸில் கைதிகள் எண்ணிக்கை உடனே சரிந்துவிடவில்லை. சில வருடங்கள் ஒன்றரை லட்சத்தை ஒட்டியே நின்றது, அப்புறம்தான் மெல்ல இறங்கியது. ஏற வேண்டியது ஏறவில்லை என்பதுதான் சாதனை. குற்றங்கள் குறைந்தன, ஆனால் அந்த வருடங்களில் நாடு முழுக்கவே குறைந்துகொண்டிருந்தன. சென்ட்ரல் யூனிட்டை மூடியதில் 2011-இன் பட்ஜெட் நெருக்கடிக்கும், அந்த நிலத்தின் விலை ஏறிப்போனதற்கும் பங்கு உண்டு. சீர்திருத்தம் குற்றத்தைக் குறைத்தது என்று மேடையில் பேசுவார்கள். சீர்திருத்தம் செய்தும் குற்றம் கூடவில்லை என்பதுதான் எண்கள் தாங்கும் வாக்கியம். அதுவே பெரிய விஷயம், அதற்கு மேல் ஒன்றும் ஏற்ற வேண்டியதில்லை.

இனி, ஆய்வு எங்கே ஏமாற்றும் என்ற பகுதிக்கு வருகிறேன். மீண்டும் குற்றம் செய்தவர்கள் சதவீதம் என்று ஒரு எண்ணை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். 2005-இல் 30 மாநிலங்களில் விடுதலையானவர்களை அமெரிக்க நீதித்துறையின் புள்ளியியல் பிரிவு பின்தொடர்ந்தது. மூன்று வருடத்துக்குள் மீண்டும் கைதானவர்கள் சுமார் 68 சதவீதம். அதே ஆய்வு, அதே மூன்று வருடம், ஆனால் மீண்டும் சிறைக்குப் போனவர்கள் என்று கேட்டால் சுமார் 50 சதவீதம். கைது என்பது போலீஸ் எங்கே அதிகம் நிற்கிறதோ அங்கே கூடும். சிறைக்குத் திரும்புதல் என்பதில் புதுக் குற்றம் செய்தவரும் இருப்பார், அலுவலரைப் பார்க்கப் போகாதவரும் இருப்பார். ஒரு மாநிலம் நிபந்தனை மீறலுக்குச் சிறை வேண்டாம் என்று விதியை மாற்றினால், ஒருவர்கூடத் திருந்தாமலே அந்த எண் இறங்கிவிடும். அதனால் எந்த அறிக்கையைக் கையில் எடுத்தாலும் எதை எண்ணினார்கள் என்று முதலில் பாருங்கள்.

நல்ல ஆய்வும் பிற்பாடு தளர்ந்துபோகலாம். ஹவாயில் நீதிபதி ஸ்டீவன் ஆல்ம் 2004-இல் ஹோப் என்ற திட்டத்தைத் தொடங்கினார். புரொபேஷனில் இருப்பவர் தவறினால் உடனே, தவறாமல், ஆனால் சில நாள் மட்டும் சிறை. எப்போதோ வரப்போகும் பெரிய தண்டனையைவிட நிச்சயமாக வரும் சின்னத் தண்டனை வேலை செய்யும் என்பது யோசனை. குலுக்கல் முறையில் ஆட்களை இரண்டாகப் பிரித்து 2009-இல் வெளியான ஆய்வில், ஹோப்பில் இருந்தவர்கள் புதுக் குற்றத்துக்காகக் கைதாவது மற்றவர்களைவிட 55 சதவீதம் குறைவு. பல மாநிலங்கள் ஆசையோடு இதை எடுத்துக்கொண்டன. ஆர்கன்சா, மாசசூசெட்ஸ், ஆரிகன், டெக்சாஸ் என்று நான்கு இடங்களில் மறுபடி செய்து பார்த்து 2016-இல் முடிவு வந்தபோது, ஒட்டுமொத்தத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஹவாயில் அந்த நீதிபதியும் அவரைச் சுற்றி இருந்தவர்களும் செய்ததில் எது உண்மையில் வேலை செய்தது என்பது, விதிமுறைக் கையேட்டில் பிடிபடவில்லை போலும். இதற்காகச் சோர்ந்துபோகத் தேவையில்லை. இரண்டாவது முறை செய்து பார்க்கப் பணம் ஒதுக்கினார்கள் என்பதே எனக்கு மரியாதை தரும் விஷயம்.

அலாஸ்கா வேறு விதமாகச் சறுக்கியது. ஆய்வு, இரு கட்சி ஆதரவு எல்லாம் இருந்தன. 2016-இல் பெரிய சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. ஆனால் எண்ணெய் விலை சரிந்து மாநிலமே பணமில்லாமல் தவித்த நேரம் அது. போதைப் பழக்கமும் வாகனத் திருட்டும் கூடிய நேரமும்கூட. தண்டனைக் குறைப்பு உடனே நடைமுறைக்கு வந்தது, சிகிச்சை வசதிகள் மெதுவாகத்தான் வந்தன. வாகனத்தைத் திருட்டுக் கொடுத்தவரிடம் ஆய்வு எண்களைக் காட்டினால் கேட்பாரா? 2019-இல் பெரும்பகுதியைத் திருப்பிப்போட்டுவிட்டார்கள். டெக்சாஸ் பணத்தை முதலில் இறக்கியது என்ற வித்தியாசம் இங்கேதான் உறைக்கிறது.

ஜாமீன் விஷயத்தில் நியூஜெர்சியைப் பார்க்கலாம். 2013-இல் வந்த ஓர் ஆய்வு, முந்தைய வருடம் அக்டோபரில் ஒரு குறிப்பிட்ட நாளில் மாவட்டச் சிறைகளில் யார் யார் இருந்தார்கள் என்று எடுத்துப் பார்த்தது. 38.5 சதவீதம் பேர் ஜாமீன் கிடைத்தும் பணம் கட்ட முடியாததால் மட்டும் உள்ளே இருந்தார்கள். 12 சதவீதம் பேருக்குத் தேவைப்பட்ட தொகை 2,500 டாலர் அல்லது அதற்கும் குறைவு. ஏழையாக இருந்ததால் உள்ளே இருந்தார்கள், வேறொன்றுமில்லை. அடுத்த வருடம் மக்கள் வாக்களித்து அரசியலமைப்பைத் திருத்தினார்கள். 2017 ஜனவரி 1 முதல் பண ஜாமீன் அநேகமாக மறைந்தது. அதன் இடத்தில், வயது, நிலுவை வழக்கு, பழைய தண்டனைகள், முன்பு நீதிமன்றத்துக்கு வராமல் இருந்தாரா என்பது போன்ற ஒன்பது விவரங்களை வைத்து மதிப்பெண் போடும் முறை வந்தது. நீதிபதி அதைப் பார்ப்பார், முடிவு அவருடையது.

2012-இல் எண்ணிய அதே தேதியில் 2018-இல் மறுபடி எண்ணினார்கள். சிறைகளில் சுமார் 6,000 பேர் குறைவாக இருந்தார்கள். வெளியே விடப்பட்டவர்கள் நீதிமன்றத்துக்கு வருவது 2014-க்கும் 2017-க்கும் இடையில் 92.7 சதவீதத்திலிருந்து 89.4 ஆகக் கொஞ்சம் இறங்கியது. பெரிய குற்றத்துக்காகப் புதிதாக வழக்கு ஏறுவது 12.7-இலிருந்து 13.7 ஆனது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஆளைத் திருப்பிக் கொடுத்ததற்கு இது மிகச் சிறிய விலை என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் அந்த மறு எண்ணிக்கையில் இன்னொரு வரியும் இருந்தது. 2012-இல் சிறையில் இருந்தவர்களில் கறுப்பினத்தவர் 54 சதவீதம். 2018-இலும் 54 சதவீதம். எண்ணிக்கையில் சுமார் 3,000 கறுப்பினத்தவர் வெளியே வந்திருந்தார்கள், பங்கு மட்டும் அசையவில்லை. மதிப்பெண் முறை இனத்தைக் கேட்பதில்லை. ஆனால் அது கேட்கும் பழைய தண்டனைகளும் நிலுவை வழக்குகளும் எந்தத் தெருக்களில் போலீஸ் அதிகம் சுற்றியதோ அந்தத் தெருக்களில்தான் அதிகம் சேர்ந்திருக்கும். நேற்றைய பாரபட்சம் இன்றைய விவரமாகி உள்ளே வந்துவிடுகிறது.

இந்த 54 நமக்குத் தெரிய வந்தது எதிர்க்கட்சியோ பத்திரிகையோ தோண்டி எடுத்ததால் இல்லை. ஒவ்வொரு வருடமும் ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் நீதித்துறை அறிக்கை தர வேண்டும் என்று அந்தச் சீர்திருத்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். தங்களுக்கு வசதியில்லாத அந்த எண்ணை நீதிமன்ற நிர்வாகமே தன் அறிக்கையில் அச்சிட்டது. எந்த மாநிலத்தின் சீர்திருத்தச் சட்டத்தைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது அந்தப் பிரிவைத்தான்: யார் எண்ண வேண்டும், யாரிடம் கொடுக்க வேண்டும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை.